ஸ்மோர்கஸ்போர்ட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்வீடனுக்கு வேலைக்கோ படிப்புக்கோ வந்து சேரும் நம் ஊர்க்காரர்கள் நவம்பர் மாதம் பிறந்ததும் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்கத் தொடங்குவார்கள். அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து அழைப்பு வந்திருக்கும், அதில் ஒரு நீளமான சொல் இருக்கும். அந்தச் சொல்லை ஆங்கிலப் பத்திரிகையில் வேறு ஏதோ அர்த்தத்தில் பார்த்த நினைவும் இருக்கும். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வாட்ஸ்அப்பில் தட்டிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தொகுத்தது இது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

ஸ்மோர்கஸ்போர்ட்னா என்ன? பஃபேதானே?

பஃபேயில் ஒரு வகை. பல பதார்த்தங்களை மேசையில் பரப்பிவைத்து, வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளும் ஸ்வீடிஷ் விருந்து. ஊறுகாய் போட்ட ஹெர்ரிங் மீன், சால்மன், அவித்த முட்டை, குளிர்ந்த இறைச்சித் துண்டுகள், சூடான மீட்பால், உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, ரொட்டி, வெண்ணெய் எல்லாம் இருக்கும்.

ஆனால் எல்லா பஃபேயும் ஸ்மோர்கஸ்போர்ட் ஆகாது. ஸ்வீடன்காரரிடம் நூடுல்ஸும் பீட்சாவும் வைத்த மேசையைக் காட்டிக் கேட்டால், 'புஃபே' என்று பிரெஞ்சிலிருந்து வாங்கிய சொல்லைத்தான் சொல்வார். ஸ்மோர்கஸ்போர்ட் என்றால் அதில் இன்னின்ன பதார்த்தம் இருக்கும், அதைச் சாப்பிட ஒரு வரிசையும் உண்டு. ஆங்கிலத்துக்குப் போனபோது இந்த இரண்டுமே கழன்றுவிட்டன.

சொல்லைப் பிரிச்சா என்ன அர்த்தம் வரும்?

ஸ்வீடிஷ் உச்சரிப்பில் இரண்டு துண்டு: ஸ்மொர்கோஸ், பூட். பூட் என்றால் மேசை. ஸ்மொர்கோஸ் என்றால் வெண்ணெய் தடவிய ரொட்டி, அல்லது அதன்மேல் ஏதாவது வைத்த திறந்த சாண்ட்விச். மேலே இன்னொரு ரொட்டித் துண்டு வைத்து மூடும் வழக்கம் இங்கே குறைவு. ஆக மொத்தம் 'வெண்ணெய் ரொட்டி மேசை'.

ஸ்மொர்கோஸ் இன்றும் அன்றாடச் சொல். காலையில் ஒரு ஸ்மொர்கோஸ், காபி. அவ்வளவுதான் பலருடைய காலைச் சாப்பாடு. பேச்சில் அதை 'மக்கா' என்றும் சொல்வார்கள். கஷ்டப்படாமல் ஒரு பதவிக்கு வந்தவரை 'இறால் மக்காவில் சறுக்கிக்கொண்டு வந்தவர்' என்று கேலி செய்வதுண்டு.

கோஸ்னா வாத்துன்னு டிக்‌ஷனரி சொல்லுதே. ரொட்டிக்கும் வாத்துக்கும் என்ன சம்பந்தம்?

டிக்‌ஷனரி சொல்வது சரிதான். ஸ்மொர் என்றால் வெண்ணெய், கோஸ் என்றால் கூஸ் எனப்படும் பெரிய வாத்து. அகராதிக்காரர்கள் தரும் விளக்கம் இது: பாலேட்டைக் கடையும்போது வெண்ணெய் சின்னச் சின்ன உருண்டைகளாகத் திரண்டு மேலே மிதக்கும். வெள்ளையாக மிதக்கும் அந்த உருண்டைகள் தண்ணீரில் நீந்தும் வாத்துகளை ஞாபகப்படுத்தின. அதனால் ஒரு வெண்ணெய்த் திரளைக் கோஸ் என்றார்கள். அந்தத் திரளை எடுத்து ரொட்டியில் தடவியதும் பெயரும் ரொட்டிக்கு ஒட்டிக்கொண்டது.

எனவே 'வெண்ணெய் வாத்து மேசை' என்று மொழிபெயர்த்துச் சிரிப்பதில் அரை உண்மைதான் இருக்கிறது. ஸ்வீடன்காரர் காதில் அங்கே வாத்து விழுவதில்லை, ரொட்டிதான் விழுகிறது. மேசையில் வாத்துக்கறியைத் தேட வேண்டாம். அது வேண்டுமானால் நவம்பர் 10 அன்று தெற்கே ஸ்கோனே பகுதிக்குப் போங்கள். புனித மார்ட்டின் நாளுக்கு முந்தைய மாலை அங்கே வாத்து விருந்துக்குப் பேர்போனது.

எப்படி உச்சரிக்கிறது? ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்களே.

ஆங்கிலத்தில் ஸ்மோர்கஸ்போர்ட். ஸ்வீடிஷில் ஏறக்குறைய ஸ்மொர்கோஸ்பூட். முதல் உயிர் ஒலி நம்மிடம் இல்லாதது: 'எ' சொல்லிக்கொண்டே உதட்டை 'ஒ'வுக்குக் குவித்தால் பக்கத்தில் வரும். நடுவில் உள்ளது ஆங்கிலக் கண்ணுக்கு 'ஏ' எழுத்தாகத் தெரிந்தாலும் ஒலி 'ஒ' வகை.

கடைசித் துண்டில் தமிழர்களுக்கு ஒரு சலுகை உண்டு. எழுத்தில் ர, ட இரண்டும் இருக்கும். ஸ்டாக்ஹோம் பேச்சில் அவை கலந்து ஒரே ஒலியாக, 'பாடு' என்பதில் வருகிற, நாக்கு மேலே மடங்கும் 'ட'வாக வரும். ஆங்கிலேயரும் ஜெர்மானியரும் இதற்கு மெனக்கெடுவார்கள், நமக்குத் தானாக வரும். ஸ்கோனே பக்கம் போனால் இந்த 'ட' கிடையாது. அங்கே ரகரத்தைத் தொண்டையிலிருந்து தனியாகச் சொல்வார்கள்.

ஸ்வீடிஷ்ல எழுத்து மேல புள்ளி, வளையம் எல்லாம் இருக்கு. இங்கிலீஷ்ல ஏன் இல்ல?

ஆங்கில அச்சுக்கூடத்திலும் தட்டச்சிலும் அந்த எழுத்துகள் இல்லை, விட்டுவிட்டார்கள். ஸ்வீடிஷில் அவை அலங்காரம் அல்ல. புள்ளியோ வளையமோ போட்ட மூன்று எழுத்துகளும் தனி எழுத்துகள், அகர வரிசையில் கடைசியில் நிற்பவை. வளையத்தை எடுத்தால் 'கோஸ்' என்பது 'காஸ்' ஆகிவிடும். வாத்து வாயு ஆகிவிடும்.

இது எப்ப ஆரம்பிச்சது? வைகிங் காலத்துலேர்ந்தே இருக்காமே?

வைகிங்குகள், அதாவது வட ஐரோப்பாவின் பழைய கடலோடி வீரர்கள், அவர்கள் காலத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த விருந்தின் முன்னோடி ஒரு சாராய மேசை. ப்ரென்வீன் என்பது ஸ்வீடனின் வடித்த மது. வடித்தல் முறை ஸ்வீடனுக்கு வந்ததே 15-ஆம் நூற்றாண்டு வாக்கில். வைகிங்குகள் ஓய்ந்து நான்கு நூற்றாண்டு ஆகியிருந்தது.

வசதியான வீடுகளில் விருந்தாளிகள் சாப்பாட்டு மேசைக்குப் போகும் முன், ஓரமாக வைத்த சின்ன மேசையைச் சுற்றி நின்றபடி ஒரு சிறு கிளாஸ் ப்ரென்வீன் குடிப்பார்கள். கூடக் கடிக்க ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, உப்பு ஹெர்ரிங். அந்த மேசைக்கு 'ப்ரென்வீன் மேசை' என்றே பெயர். 18-ஆம் நூற்றாண்டில் இது வேரூன்றிய வழக்கம். மதுவின் பெயர் போய் ரொட்டியின் பெயர் வந்தது பின்னால்தான். ரஷ்யர்களின் 'ஸகூஸ்கி'யும் இதே குணமுள்ளதுதான்: வோட்காவும் கடித்துக்கொள்ளச் சிறு பதார்த்தங்களும்.

அப்ப ஓரத்து மேசை எப்படி முழுச் சாப்பாடாச்சு?

ரயில் வந்தது ஒரு காரணம். 19-ஆம் நூற்றாண்டில் ஸ்வீடனில் ரயில் பாதைகள் போட்டபோது, சாப்பாட்டுக்காக வண்டி சில நிலையங்களில் நிற்கும். பயணிக்கு நேரம் குறைவு. உட்கார்ந்து ஆர்டர் கொடுத்துக் காத்திருக்க முடியாது. நிலைய உணவகத்தின் நடுவில் பெரிய மேசை, அதில் எல்லாமும் தயார், ஒரே விலை, வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அந்த நாளில் ஸ்வீடன் வழியாகப் போன வெளிநாட்டார் இதைக் கண்டு வியந்து எழுதியிருக்கிறார்கள். காசு கொடுக்கும் இடத்தில் யாரும் கண்காணிக்கவில்லை என்பது அவர்களுக்குப் பெரிய ஆச்சரியம்.

ஹோட்டல்களிலும் மேசை வளர்ந்துகொண்டே போனது. 1912-இல் ஸ்டாக்ஹோமில் ஒலிம்பிக் நடந்த சமயத்தில்தான் முன்பசிக்கான மேசை, முழு உணவு என்ற நிலைக்கு வந்தது என்று சொல்வது வழக்கம். ஒரே ஆண்டில் தலைகீழாக மாறியது என்று நான் எடுத்துக்கொள்வதில்லை. அப்புறம் இரண்டாம் உலகப்போர். ஸ்வீடன் போரில் சேரவில்லை என்றாலும் ரேஷன் இருந்தது. வெண்ணெயும் இறைச்சியும் அளந்து கொடுக்கப்பட்ட காலத்தில் இப்படி ஒரு மேசை சாத்தியமில்லை. போருக்குப் பிறகு அதைத் தூக்கி நிறுத்தியவர்களில் முக்கியமானவர் தூரே வ்ரெட்மன் என்ற சமையல் கலைஞர். ஸ்டாக்ஹோமின் ஒபேரா மாளிகையில் உள்ள ஒபேராஷெல்லரன் உணவகத்தை நடத்தியவர். இறால் குவித்த 'டோஸ்ட் ஸ்காகன்' இவர் உருவாக்கியதுதான்.

இங்கிலீஷுக்கு எப்படிப் போச்சு?

19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பயணக் கட்டுரைகள் வழியாக நுழைந்தது. அமெரிக்காவில் அதற்கு ஆள் பலமும் இருந்தது. அந்த நூற்றாண்டின் நடுவிலிருந்து அடுத்த நூற்றாண்டின் தொடக்கம் வரை பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஸ்வீடன்காரர்கள் பஞ்சம் பிழைக்க அமெரிக்கா போனார்கள். மின்னசோட்டா, சிகாகோ பக்கம் போய் இறங்கியவர்கள் மேசையையும் கொண்டுபோனார்கள்.

ஊரறியச் செய்தது 1939-இல் நியூயார்க்கில் நடந்த உலகக் கண்காட்சி. ஸ்வீடன் அரங்கில் 'மூன்று மகுடங்கள்' என்ற உணவகம். அதில் சுழலும் மேசையில் ஸ்மோர்கஸ்போர்ட் வைத்திருந்தார்கள். நின்ற இடத்திலேயே நின்றால் பதார்த்தம் தேடி வரும். அமெரிக்கர்களுக்குக் கேட்கவா வேண்டும்.

பேப்பர்ல 'ஐடியாக்களோட ஸ்மோர்கஸ்போர்ட்'னு எல்லாம் போடறாங்களே, அது சரியா?

சரிதான். 1940-களின் பிற்பகுதியிலிருந்தே ஆங்கிலத்தில் இந்த உருவகப் பொருள் புழங்குகிறது: பலவகைப்பட்டவை ஒரே இடத்தில் குவிந்திருப்பது, அதிலிருந்து வேண்டியதைப் பொறுக்கிக்கொள்வது. தமிழில் இதைப் பெயர்க்கும்போது 'கதம்பம்' என்று போடுவதைப் பார்க்கிறேன். எனக்கு அது பொருந்தவில்லை. கதம்பம் கலந்தது, இது தனித்தனியாகப் பரப்பிவைத்தது. தேர்வு நம் கையில். இடத்தைப் பார்த்து 'விதவிதமான', 'வகைவகையான' என்று சாதாரணமாக எழுதினாலே போதும். ஸ்வீடிஷிலும் இந்த உருவகம் உண்டு, அதனால் ஆங்கிலத்தைக் குறை சொல்லவும் வழியில்லை.

டென்மார்க், நார்வேயிலயும் இதே பேருதானா?

இல்லை. டேனியரும் நார்வேகாரரும் 'குளிர் மேசை' என்ற பொருள்பட 'கோல்ட்பூர்' போன்ற பெயரால் சொல்கிறார்கள். டென்மார்க்கின் புகழ்பெற்ற திறந்த சாண்ட்விச் 'ஸ்மோர்ப்ரோ' வேறு. அது 'வெண்ணெயும் ரொட்டியும்' என்பதன் சுருக்கம், அதில் வாத்து இல்லை. பின்லாந்தில் 'நிற்கும் மேசை' என்ற பொருளில் 'செய்சோவா பொய்த்தா' என்கிறார்கள். மேலே சொன்ன ப்ரென்வீன் மேசையைச் சுற்றி நின்று சாப்பிட்டதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மத்த நாடுகள்ல என்ன சொல்றாங்க?

வேடிக்கை இங்கேதான். ஆங்கிலம் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. கிழக்கு ஐரோப்பா நாட்டின் பெயரை எடுத்துக்கொண்டது. ரஷ்ய மொழியில் 'ஷ்வேத்ஸ்கி ஸ்தோல்', போலிஷில் 'ஷ்வெட்ஸ்கி ஸ்தூவ்', ஹங்கேரியனில் 'ஷ்வேடஸ்தல்', எஸ்தோனியனில் 'ரோட்சி லாவுத்'. எல்லாவற்றுக்கும் பொருள் ஒன்றுதான்: ஸ்வீடிஷ் மேசை. மாஸ்கோ ஹோட்டலில் காலை பஃபேக்கு அதுதான் பெயர். அதில் ஸ்வீடிஷ் பதார்த்தம் ஒன்றுகூட இருக்க வேண்டியதில்லை.

ஜப்பான்ல பஃபேக்கு 'வைகிங்'னு பேராமே? நீங்கதான் வைகிங்குக்குச் சம்பந்தமில்லேன்னீங்க.

சம்பந்தமில்லை என்றுதான் இன்னும் சொல்வேன். தோக்கியோவின் இம்பீரியல் ஹோட்டல் தலைவர் 1957-இல் டென்மார்க் போனபோது இந்த விருந்து முறையைப் பார்த்தார், பிடித்துவிட்டது. ஐரோப்பாவில் பயிற்சியில் இருந்த முராகாமி நோபுவோ என்ற சமையல் கலைஞரிடம் இதைக் கற்றுவரச் சொன்னார். 1958-இல் ஹோட்டலில் புது உணவகம் திறக்கத் தயாரானது. பெயர்தான் சிக்கல். ஸ்மோர்கஸ்போர்ட் என்பது ஜப்பானிய வாய்க்குள் நுழையாத சொல். அந்தச் சமயம் வைகிங் வீரர்களைப் பற்றிய ஹாலிவுட் படம் ஒன்று பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது; அதில் வீரர்கள் மேசையை ஒரு பிடி பிடிக்கும் காட்சி உண்டு. வட ஐரோப்பா, நிறையச் சாப்பாடு, இரண்டும் பொருந்திவிட்டது. 'இம்பீரியல் வைகிங்' என்று பெயர் வைத்தார்கள்.

பிறகு மற்ற உணவகங்களும் அதைப் பிடித்துக்கொண்டன. இன்று ஜப்பானில் 'பைகிங்கு' என்றால் பஃபே; கேக் மட்டும் வைத்தால் 'கேக் பைகிங்கு'. ஸ்வீடிஷ் விருந்து, டென்மார்க்கில் பார்த்தது, ஹாலிவுட்டிலிருந்து பெயர். முராகாமி பிறகு 1964 தோக்கியோ ஒலிம்பிக்கில் வீரர்கள் குடியிருப்பின் சமையலறைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர்.

எந்த வரிசையில சாப்பிடணும்? எல்லாத்தையும் ஒரே தட்டுல எடுத்தா என்ன?

யாரும் வெளியே அனுப்பமாட்டார்கள். ஆனால் ஊறுகாய் ஹெர்ரிங்கின் புளிப்புச் சாறு மீட்பால் குழம்பில் கலந்தபின் இரண்டுமே பாழ். நம் வாழை இலையில் சாம்பாருக்குப் பின் ரசம், ரசத்துக்குப் பின் மோர் என்று போவதுபோல இங்கேயும் ஒரு போக்கு இருக்கிறது. முன்பு சொன்ன வ்ரெட்மன் இந்தச் சுற்றுகளைத் தெளிவாக எழுதி, பலமுறை போய்வர வேண்டும் என்று வற்புறுத்தியவர்.

முதல் சுற்று ஹெர்ரிங் மட்டும். கடுகு, வெங்காயம், சோம்புக்கீரை மாதிரி மணக்கும் டில் என்று பல சுவைகளில் இருக்கும். கூட அவித்த உருளைக்கிழங்கும் க்னெக்கேப்ரோட் என்ற மொறுமொறு ரொட்டியும். குடிப்பவர்கள் ஸ்னாப்ஸ் என்ற சிறு கிளாஸ் மது குடிப்பதும் அதற்குரிய பாட்டுப் பாடுவதும் இந்தச் சுற்றில்தான். இரண்டாவது, மற்ற குளிர்ந்த மீன்கள்: சால்மன், புகையிட்ட விலாங்கு, மீன்முட்டை வைத்த அவித்த முட்டை. மூன்றாவது, குளிர்ந்த இறைச்சியும் சாலடுகளும். நான்காவதுதான் சூடான பதார்த்தம். பிறகு பாலாடைக்கட்டி, இனிப்பு. ஒவ்வொரு சுற்றுக்கும் புதுத் தட்டு எடுப்பது முறை. பழைய தட்டோடு திரும்பிப் போவதைத்தான் விநோதமாகப் பார்ப்பார்கள்.

ஆபீஸ்ல 'யூல்பூட்'டுக்குக் கூப்பிட்டிருக்காங்க. அதுவும் இதுவும் ஒண்ணா?

யூல் என்றால் கிறிஸ்துமஸ், பூட் மேசை. ஸ்மோர்கஸ்போர்ட்டின் கிறிஸ்துமஸ் வடிவம் அது. உண்மையைச் சொன்னால் பழைய ஸ்மோர்கஸ்போர்ட் முழுசாக உயிரோடு இருப்பது பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான். ஆண்டு முழுவதும் வீட்டில் யாரும் இப்படிச் சாப்பிடுவதில்லை. ஈஸ்டருக்கு ஒரு மேசை உண்டு, கோடை நடு விழாவுக்கு ஹெர்ரிங்கும் உருளைக்கிழங்கும். மற்றபடி உணவகம், கப்பல் பயணம், விசேஷம்.

யூல்பூட்டில் கடுகு தடவிச் சுட்ட பன்றித் தொடை நடுநாயகம். 'யான்சனின் சபலம்' என்று ஒரு பதார்த்தம்: சீவிய உருளைக்கிழங்கு, வெங்காயம், மீன், க்ரீம் சேர்த்து அடுப்பில் வேகவைத்தது. அதன் மீனுக்கு ஸ்வீடிஷில் 'அன்ஷூவிஸ்' என்று பெயர். ஆங்கிலச் சமையல் குறிப்புகள் அதை ஆஞ்சோவி, அதாவது நம் நெத்திலி, என்று மாற்றிவிட்டன. உண்மையில் அது ஸ்ப்ராட், மத்திக் குடும்பத்துச் சின்ன மீன், சர்க்கரையும் மசாலாவும் சேர்ந்த உப்புநீரில் ஊறியது. உப்பில் போட்ட நெத்திலியை வாங்கிச் செய்து, வாயில் வைக்கமுடியவில்லை என்று புலம்பியவர்கள் நிறைய.

நான் சைவம். எனக்கு அங்க ஏதாவது கிடைக்குமா?

இப்போதெல்லாம் கிடைக்கும். பல உணவகங்கள் சைவப் பதார்த்தங்களைத் தனியாக வைக்கின்றன. அழைப்புக்குப் பதில் எழுதும்போதே சொல்லிவிடுங்கள். பழைய மேசையில் உங்களுக்குரியவை ரொட்டி, வெண்ணெய், பாலாடைக்கட்டி, அவித்த உருளைக்கிழங்கு, பீட்ரூட் சாலட். பாலாடைக்கட்டியில் வெஸ்டர்போட்டன் கிடைத்தால் விடாதீர்கள். முட்டைக்கோஸ் பதார்த்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டாம், பெரும்பாலும் பன்றித் தொடை வெந்த சாற்றில் வேகவைத்திருப்பார்கள். மேலே சொன்ன யான்சன் பதார்த்தத்தில் மீன் இருப்பது வெளியே தெரியாது. மீட்பாலில் மாடும் பன்றியும் கலந்திருப்பது வழக்கம் என்பதை ஹலால் பார்ப்பவர்களும் கவனிக்க வேண்டும்.

கடைசியில் அரிசிக் கஞ்சி உண்டு: பாலில் குழைந்த அரிசி, மேலே பட்டைத்தூள். அதில் ஒரே ஒரு பாதாம் பருப்பைப் போட்டிருப்பார்கள். யார் வாயில் அகப்படுகிறதோ அவருக்கு வரும் வருஷம் கல்யாணம் என்பது நம்பிக்கை. ஏற்கெனவே கல்யாணமானவர்கள் சத்தம் போடாமல் மென்று விழுங்கலாம்.

அந்த நாத்தம் அடிக்கிற டின் மீனும் மேசையில இருக்குமா?

இருக்காது, பயப்பட வேண்டாம். புளிக்கவைத்த அந்த ஹெர்ரிங்குக்குப் பெயர் 'சூர்ஸ்ட்ரொமிங்'. அது ஆகஸ்ட் கடைசியில், முக்கியமாக வட ஸ்வீடனில், வீட்டுக்கு வெளியே வைத்துத் திறக்கும் தனி விருந்து. மெல்லிய ரொட்டியில் உருளைக்கிழங்கோடும் வெங்காயத்தோடும் சுருட்டிச் சாப்பிடுவார்கள். மேசையில் இருக்கும் ஹெர்ரிங் வினிகரும் சர்க்கரையும் சேர்த்து ஊறவைத்தது. மத்தி சாப்பிடுபவருக்குப் பழக அதிக நேரம் ஆகாது.

இதே மாதிரி ஸ்வீடிஷ்லேர்ந்து போன வேற சாப்பாட்டுச் சொல் இருக்கா?

இருக்கிறது. 'கிராவ்லாக்ஸ்': லாக்ஸ் என்றால் சால்மன், கிராவ் என்றால் குழி. மீனை உப்பிட்டு மண்ணில் புதைத்துப் பதப்படுத்திய காலத்துப் பெயர். இப்போது உப்பும் சர்க்கரையும் டில்லும் தடவிக் குளிர்பெட்டியில் வைப்பதுதான், யாரும் குழி தோண்டுவதில்லை.

'ரூட்டபேகா' இன்னும் விசித்திரம். அமெரிக்கர்கள் ஒரு கிழங்கை அப்படி அழைக்கிறார்கள். ஸ்வீடனின் வெஸ்டர்யோட்லண்ட் வட்டார வழக்கில் வேரையும் குட்டைத் தடியான ஒன்றையும் சேர்த்துச் சொன்ன 'ரூட்டபக்கே' அதன் மூலம். ஸ்டாக்ஹோம் காய்கறிக் கடையில் போய் அந்தப் பெயரைச் சொன்னால் விழிப்பார்கள். இங்கே அது 'கோல்ரூட்'. பிரிட்டனில் அதே கிழங்குக்கு 'ஸ்வீட்' என்று பெயர், இனிப்பு அல்ல, ஸ்வீடன்காரர் என்ற பொருளில்.

தமிழ்ல எழுதணும்னா எப்படி எழுதறது?

ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்கினால் 'ஸ்மோர்கஸ்போர்ட்' போதும்; வாசகர் தேடிப் பார்க்கப்போவது அந்த வடிவத்தைத்தான். ஸ்வீடன் வாழ்க்கையைப் பற்றி எழுதினால் 'ஸ்மொர்கோஸ்பூட்' என்று எழுதி, முதல் தடவை மட்டும் 'ஸ்வீடிஷ் விருந்து மேசை' என்று விளக்கிவிடுங்கள். சிலர் 'பந்தி' என்று போடுகிறார்கள். பந்தியில் நாம் உட்கார்ந்திருப்போம், பரிமாறுபவர் வருவார். இங்கே மேசை அசையாது, நாம்தான் எழுந்து போகவேண்டும். அதனால் பந்தி வேண்டாம்.